வேர்விட்ட கள்ளிக்கு முதல் மாரி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில், கண்டாவளைப் பிரதேச செயலர் பிரிவுக்குள் இருக்கிறது தர்மபுரம். வன்னியின் மற்ற ஊர்களைப் போல இங்கும் ஆண்டுக்கு இரண்டு முகங்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். ஐப்பசியில் இறங்கும் மழையோ மார்கழி முடியும்வரை விடாது. ஆண்டு முழுவதற்குமான மழையின் பெரும்பங்கு அந்த மூன்று மாதங்களுக்குள்ளேயே கொட்டிவிடும். 2018 டிசம்பர் கடைசியில் கிளிநொச்சி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கி, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

நெல்லுக்கு இந்த மழை வாழ்வு. முற்றத்துச் சாடியில் நிற்கும் கள்ளிக்கு இதுதான் ஆண்டின் ஆபத்தான காலம்.

சோளகத்தில் முறித்து நட்ட கள்ளிக் கொப்பு எளிதில் வேர்விடும். ஆவணியில் மெல்ல இழுத்துப் பார்த்தால் மண்ணை விட்டு வராது. புரட்டாதியில் நுனியில் இளம்பச்சைத் தளிர் தெரியும். பிடித்துவிட்டது என்ற நிம்மதியில் சாடியை முற்றத்து ஓரத்தில் வைத்துவிட்டு ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். கார்த்திகை நடுவில் ஒருநாள் அந்தக் கொப்பு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். தொட்டால் அடி மெத்தென்று அமுங்கும், தோல் வழுக்கிக்கொண்டு வரும், கெட்ட மணமும் எழும். மேலே அரை அடி உயரத்துக்குச் செடி இன்னும் பச்சையாகவே இருப்பதால், என்ன நடந்தது என்று விளங்காமல் பலர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதோடு செடி முடிந்துவிடும்.

வேர்விட்ட கொப்பு வேர்விடாத கொப்பைவிடப் பாதுகாப்பானது என்ற எண்ணம் கோடைக்குப் பொருந்தும். மாரியில் நிலைமை மாறுகிறது. மண்ணைத் தொடாமல் விறாந்தையில் சாத்திவைத்த கொப்பு கார்த்திகை மழையைத் தாண்டிவிடும். ஈர மண்ணில் புதுவேரோடு நிற்கும் கொப்பு தாண்டுவது கடினம். ஏன் என்பதை அறிய, செடியின் உடம்புக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

எந்தக் கள்ளியைப் பற்றிய பேச்சு இது என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. வன்னிப் பற்றைக்காடுகளில் நிற்கும் சதுரக்கள்ளி ஆமணக்கின் உறவு. வெட்டினால் பால் வடியும். நட விரும்பினால் அந்தப் பாலைக் கழுவி வடியவிட்ட பிறகுதான் காயவைக்க வேண்டும். நாகதாளி என்றும் சப்பாத்திக்கள்ளி என்றும் அழைக்கப்படும் ஒப்பன்சியா, டிராகன் பழக்கொடி, கடைகளில் சின்னச் சாடிகளில் விற்கும் உருண்டை முட்கள்ளிகள் ஆகியவை வேறு குடும்பம். இந்தக் கக்ரஸ் குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். றிப்சாலிஸ் வகையின் ஓர் இனம் மட்டும் ஆபிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது. பாலைவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஈரக்காட்டு மரங்களில் மெல்லிய பச்சைக் கயிறுகளாகத் தொங்கும். இங்கே பேசப்படுவது இந்தக் குடும்பத்தின் கொப்புகளைப் பற்றி.

கக்ரஸ் தண்டின் எடையில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு தண்ணீர்தான். பகலில் இலைவாய்களை மூடிவைத்து, இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து, அதை மலிக் அமிலமாகக் கலங்களுக்குள் சேர்த்துவைத்துக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் அந்த அமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டை விடுவித்து உணவாக்குகிறது. வெயிலில் வாய் திறக்காததால் தண்ணீர் ஆவியாகி இழக்கப்படுவது மிகக் குறைவு. இந்த இரவுப் பழக்கத்தின் முதல் தடயங்களில் ஒன்றைப் பதிந்தவர் தென்னிந்தியாவில் வாழ்ந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கொம்பனியின் தாவரவியலாளராக வேலை பார்த்தவர். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை என்று 1813இல் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் குறிப்பிட்டார். இரவில் சேர்ந்த அமிலத்தைத்தான் அவருடைய நாக்கு கண்டுபிடித்திருந்தது. ரணகள்ளி கக்ரஸ் அல்ல என்றாலும் இரண்டும் பின்பற்றும் முறை ஒன்றே.

இப்படிச் சிக்கனமாக வாழும் தண்டை வெட்டி வைத்தால் வேரே இல்லாமல் வாரக்கணக்கில், தடித்த தண்டானால் மாதக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். கக்ரஸ் கொப்புக்கு அவசரமே இல்லை. அவசரப்படுவது வளர்ப்பவர்.

வெட்டு வாயில் நடப்பது இது. கிழிந்த கலங்கள் காய்ந்து ஒடுங்கும். அவற்றுக்குக் கீழே உயிரோடிருக்கும் கலங்கள் தம் சுவர்களில் சுபரின் என்ற மெழுகுத்தன்மையான பொருளைப் படியவைக்கும். அதற்கும் கீழே புதிய கலங்கள் பிரிந்து பெருகித் தக்கைப் படலம் ஒன்றை எழுப்பும். தக்கை முற்றியபின் தண்ணீரும் நுண்ணுயிரும் சுலபத்தில் நுழைய முடியாது. இந்த வேலையின் உச்சத்தைக் காண அரிசோனாப் பாலைவனத்துச் சகுவாரோக் கள்ளியைப் பார்க்க வேண்டும். மரங்கொத்திகள் அதன் தண்டைக் குடைந்து கூடு அமைக்கும்போது, செடி அந்தக் குழியைச் சுற்றி மரம் போன்ற கெட்டியான சுவரை எழுப்பிவிடும். செடி செத்துச் சதை முழுவதும் அழுகிப் போன பின்னரும் அந்தச் சுவர் குடுவை வடிவில் அப்படியே தரையில் கிடக்கும். அங்குள்ள ஓஓடம் மக்கள் அவற்றைப் பாத்திரங்களாகவே பயன்படுத்தினார்கள்.

தக்கை வளரக் காற்றும் உலர்வும் நாட்களும் தேவை. சோளகம் இந்த மூன்றையும் தாராளமாகத் தரும். ஆனால் வெட்டு வாய் ஆறியதும் செடி தானாகவே புதிய வாசல்களைத் திறக்கிறது. புதுவேர்கள் தோலிலிருந்து முளைப்பதில்லை. உள்ளே, தண்ணீர்க் குழாய்கள் வளையமாக நிற்கும் இடத்துக்கு அருகில் உருவாகி, சதையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. ஒவ்வொரு வேரும் வெளிவரும் இடத்தில் மெல்லிய வெடிப்பு விழும். உலர்ந்த மண்ணில் அது சில நாட்களில் ஆறிவிடும். ஈரத்தில் ஆறாது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. கக்ரஸ் செடிகள் மழை பெய்ததும் மயிர் போன்ற மழைவேர்களை வேகமாக நீட்டும்; மண் காய்ந்தால் அவற்றைச் சாகவிடும். பாலைவனத்தில் இது புத்தியான ஏற்பாடு. தர்மபுரத்தில் ஐப்பசி மழை பெய்து, நாலு நாள் வெயிலடித்து, மறுபடி அடைமழை பிடித்தால், முதல் மழைக்கு வந்து செத்த வேர்கள் இரண்டாவது மழையில் அழுகத் தொடங்கும். வயதான செடியின் அடித்தண்டு மரமாகிவிட்டதால் அந்த அழுகல் வேரோடு நின்றுவிடக்கூடும். ஐந்து மாதக் கொப்பின் அடியில் இருப்பது மெல்லிய தக்கையும் அதற்குள் தண்ணீர் நிறைந்த சதையும் மட்டுமே.

தண்ணீர் தன்னளவில் கள்ளியை அழுகவைப்பதில்லை. மண்ணின் துளைகள் நீரால் நிரம்பும்போது வேருக்கு ஒட்சிசன் கிடைக்காமல் போவதுதான் முதல் அடி. நீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. மூச்சுத் திணறும் வேரிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கசியும். அந்தக் கசிவைத் தேடி வருபவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

அவர்களில் மோசமானது பைற்றொப்தொரா கூட்டம். 1870இல் ஹேர்மன் லேபேர்ட்டும் ஃபேர்டினன்ட் கோனும் அழுகிய கக்ரஸ் செடிகளை ஆராய்ந்து இந்தக் கூட்டத்தின் ஓர் இனத்தை முதன்முதலாக விவரித்தார்கள். இன்று அதன் பெயர் பைற்றொப்தொரா கக்ரோறம். அப்பிளிலும் ஸ்ரோபெரியிலும் அது செய்யும் நாசம் கள்ளியில் செய்வதைவிடப் பெரியது. பார்வைக்குப் பங்கசு போலிருந்தாலும் இது பாசிகளுக்கு நெருங்கிய வேறொரு கிளை. இதன் இயங்குவித்திகளுக்கு இரண்டு சவுக்கிழைகள் உண்டு. மண்ணின் நீர்ப்படலத்தில் நீந்தி, வேரின் கசிவை மோப்பம் பிடித்துப் போய் ஒட்டிக்கொள்ளும். நீர் தேங்காத மண்ணில் அவை நீந்த வழியில்லை. சாடியின் வடிகால் ஓட்டைக்கு முக்கியத்துவம் வருவது இதனால்தான்.

அடுத்தது மென்னழுகல் பற்றீரியா. கலங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெத்தினை நொதியங்களால் கரைத்துவிடும். சதை கூழாகி நாறுவது இதன் வேலை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் ஒரு கொப்பை முடித்துவிடும். பியூசேரியம் என்ற பங்கசோ மெதுவாகவும் மறைவாகவும் வேலை செய்யும். வெளியே ஒன்றும் தெரியாமல் தண்ணீர்க் குழாய்களுக்குள் ஏறிச் செல்லும். வெட்டிப் பார்த்தால்தான் குழாய் வளையத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரியும்.

தனியொரு சாடியில் துயரமாகத் தெரியும் இந்த அழுகலை நாடுகள் விரும்பி வரவழைத்த காலமும் உண்டு. சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்காக, 1780களின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் அண்டர்சன் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தா வந்த பூச்சி உயர்ந்த சாயம் தரும் இனமல்ல, அதன் மட்டமான உறவு. சாயத் தொழில் நிமிரவில்லை. ஆனால் பூச்சி தின்ற இடத்திலெல்லாம் ஒரு வகைக் கள்ளி அழிந்தது. 1830களில் அந்தப் பூச்சி தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, வயல்களை ஆக்கிரமித்த கள்ளிமேல் விடப்பட்டது. 1865க்குச் சற்று முன்னர் பூச்சி ஏறிய கள்ளிமடல்கள் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தன. களை ஒன்றை அடக்க அதன் எதிரியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பிய உலகின் முதல் வெற்றி அதுவே என்று உயிரியற் கட்டுப்பாட்டின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1926இல் கைமாற்று எதிர்த்திசையில் நடந்தது: இன்னொரு கொச்சினீல் இனம் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குப் போனது.

அவுஸ்திரேலியாவில் இது இன்னும் பெரிய அளவில் நிகழ்ந்தது. 1925 அளவில் சுமார் 2 கோடி 40 லட்சம் ஹெக்டேயர் நிலம் ஒப்பன்சியாவின் பிடியில் இருந்தது. முறிந்து விழும் ஒவ்வொரு மடலும் வேர்விட்டதால் வெட்டுவதாலும் பயனில்லை. அந்த ஆண்டு ஆர்ஜென்ரீனாவிலிருந்து கக்ரோபிளாஸ்ரிஸ் என்ற அந்துப்பூச்சியின் ஏறத்தாழ 3,000 முட்டைகள் கொண்டுவரப்பட்டு, பெருக்கி விடப்பட்டன. புழுக்கள் மடல்களைக் குடைந்தன; குடைந்த வழிகளில் பற்றீரியாவும் பங்கசுகளும் புகுந்தன. காடு காடாகக் கள்ளி கூழாகிச் சரிந்தது. பல இடங்களில் புழு வாசலைத் திறந்ததோடு சரி, கொன்றது அழுகல். குயின்ஸ்லாந்தின் பூனார்கா ஊர் மக்கள் 1936இல் அந்தப் பூச்சியின் பெயரில் நினைவு மண்டபமே கட்டினார்கள்.

காயம், ஈரம், வெப்பம் மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய கள்ளிக்காடும் நிற்காது என்பதை அந்தக் காடுகள் காட்டின. முற்றத்துக் கொப்பைக் காப்பாற்றுபவர் இந்த மூன்றில் ஒன்றையாவது பறிக்க வேண்டும். கார்த்திகையில் மழையையும் வெப்பத்தையும் நிறுத்த முடியாது. ஆகவே கொப்பை மண்ணிலிருந்து எடுத்துவிடுவதுதான் வழி. வேர்விட்ட செடியைப் பிடுங்க மனம் வராது; இத்தனை மாதம் காத்து வந்த வேர் அல்லவா! ஆனால் கக்ரஸ் கொப்புக்கு வேர் மீண்டும் வரும் பொருள். தண்டின் சதையையும் நடுவளையத்தையும் இழந்தால் திரும்பி வராது. அழுகல் என்று சந்தேகம் வந்த அன்றைக்கே பிடுங்குவது தயங்குவதைவிட எப்போதும் நல்லது.

சந்தேகப்படும்படியான எல்லாமே அழுகல் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயதேறும் கள்ளியின் அடி பழுப்பாகி, வெடித்து, மரப்பட்டை போலாகும். விரலால் அழுத்தினால் கெட்டியாக, உலர்ந்து இருக்கும். அது முதிர்ச்சி, அதை வெட்டத் தேவையில்லை. அழுகல் அமுங்கும், கசியும், பெரும்பாலும் கண்ணாடி போன்ற மங்கிய பச்சையிலோ கருமையிலோ இருக்கும், நாளுக்கு நாள் மேலேறும். பிடுங்கிய பின்னும் சந்தேகம் தீராவிட்டால் பேனாவால் எல்லையைக் கோடிட்டு மறுநாள் பார்த்தால் போதும்.

வெட்டுவதற்குக் கூரிய, மெல்லிய கத்தி வேண்டும். மழுங்கிய கத்தி சதையை நசுக்கிக் காயத்தைப் பெருக்கும். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால், அழுகல் தெரியும் எல்லைக்கு மேலே நல்ல பச்சையில் குறுக்காக வெட்டி முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவளையம் வெண்மையாகவோ இளம்பச்சையாகவோ சுற்றிவரத் தெளிவாக இருந்தால் சரி. ஒரு புள்ளி பழுப்பாகத் தெரிந்தாலும் கத்தியைத் துடைத்துவிட்டு விரலளவு மேலே மறுபடி வெட்ட வேண்டும். கத்தியைத் துடைக்காமல் வெட்டுவது அழுகலைத் தானே எடுத்துப் பூசுவதாகும். கொப்பு முழங்கை நீளத்திலிருந்து நாலு விரல் நீளத்துக்கு வந்தாலும் பரவாயில்லை. தெளிவான நாலு விரல் பிழைக்கும். ஒரு புள்ளி விட்டுவைத்த முழங்கை பிழைக்காது.

கடைசி வெட்டுக்குப் பிறகு விளிம்பின் தோலைச் சுற்றிவரச் சரிவாகச் சீவிவிடுவது நல்ல பழக்கம். காயும்போது சதை உள்ளே சுருங்கும், தோல் அவ்வளவு சுருங்காது. சீவாத கொப்பின் அடி கிண்ணம் போல் குழிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். சீவியதில் நடுவளையம் கீழே முன்தள்ளி நிற்பதால், அதற்கருகிலிருந்து வரும் வேர்கள் நேரே மண்ணுக்குள் போகும்.

வெட்டு வாயில் என்ன பூசுவது என்பதில் ஆளுக்கொரு கைமருந்து உண்டு. கந்தகத் தூள் பல பங்கசுகளை அடக்கும்; பைற்றொப்தொரா கூட்டத்தை அது ஒன்றும் செய்யாது. செம்பு மருந்துகள் இரண்டின்மீதும் ஓரளவு வேலை செய்யும். கறுவாத்தூளில் இருக்கும் சினமல்டிகைட் பங்கசு வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது, தூளும் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் வேர்மேல் படவிடக் கூடாது. கரித்தூளும் சாம்பலும் உலர்த்துவதற்கு உதவும், அவ்வளவே. இவை எதுவும் உள்ளே மீந்திருக்கும் அழுகலை மாற்றாது. சுத்தமான வெட்டும் காற்றும் இருந்தால் ஒன்றுமே பூசாத கொப்பும் ஆறும். தூளை நம்பி வெட்டைக் குறைப்பவர்கள்தான் செடியை இழக்கிறார்கள்.

பிறகு காயவைப்பது. சோளகத்தில் ஒரு வாரத்தில் ஆறும் வெட்டு கார்த்திகையில் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். சாரல் படாத, காற்றோட்டமுள்ள நிழலில், விறாந்தையிலோ சமையலறை ஓரத்திலோ, வெற்றுச் சாடிக்குள் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். படுக்கவைத்தால் தண்டு வளையும், கீழ்ப்பக்கத்தில் வேர் முளைக்கும். நாலு நாளுக்கொரு தடவை அடியைப் பார்க்க வேண்டும். புதிய பழுப்பு தெரிந்தால் மறுபடி கத்தி. தெரியாவிட்டால் தை பிறந்து மழை ஓயும்வரை அப்படியே விட்டுவிடலாம். தோல் சற்றுச் சுருங்கும். அது பசியால் வந்த சுருக்கம். வேர் வந்தால் நிமிர்ந்துவிடும்.

நிறச் சாடிக் கள்ளிகளுக்கு மட்டும் இந்த வைத்தியம் செல்லாது. சிவப்பும் மஞ்சளுமாக விற்கப்படும் உருண்டைகளில் பச்சையம் இல்லை. யப்பானில் உருவான அந்த வகை, பச்சைத் தண்டொன்றின்மேல் ஒட்டப்பட்டு அதன் உணவில் வாழ்வது. கீழ்த்தண்டு பெரும்பாலும் டிராகன் பழக்கொடியின் உறவு. மாரியில் அதுதான் முதலில் அழுகும். தலையை மண்ணில் நட்டால் பட்டினியால் சாகும். அழுகல் ஒட்டுக்கு ஏறுமுன் தலையை அறுத்து, இன்னொரு பச்சைத் தண்டில், வளையத்தோடு வளையம் தொடும்படி வைத்துக் கட்ட வேண்டும்.

மறுபடி நடும் மண்ணில்தான் வன்னிக்காரரின் கைத்திறன் தெரியும். வயற்களி மண் ஆகாது. தும்புத்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைப்பதால் மாரிக்கு ஆகாது. பருமணல், உடைத்த செங்கட்டி, உமிக்கரி ஆகியவை பாதிக்கு மேலும், நன்கு மக்கிய சாணம் கொஞ்சமும் போதும். களப்பை அண்டிய பகுதிகளில் மணலில் உப்பு இருக்கும். பல தடவை கழுவாமல் சாடியில் போடக் கூடாது. சாடியின் அடியில் கல் பரப்பினால் நீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நுண்ணிய மண் தன் துளைகள் நிரம்பும்வரை நீரைக் கீழே உள்ள பருங்கல்லுக்குக் கொடுக்காது. கல் போட்டால் அந்த ஈரப்படை வேருக்கு இன்னும் அருகில் ஏறிவிடும். கல்லை அடியில் போடுவதைவிட மண்ணோடு கலப்பதே பயன் தரும். இரண்டு விரல் ஆழத்தில் நட்டு, குச்சியோடு கட்டி, முதல் வாரம் தண்ணீரே காட்டாமல் விட வேண்டும்.

டிராகன் பழக்கொடியை நடுபவர்களுக்கு இதே பாடம் வேறு விதமாக வருகிறது. அது மரமேறும் காட்டுக்கொடி. மற்றக் கள்ளிகளைவிட ஈரத்தையும் எருவையும் விரும்பும், தேங்கிய நீரை மட்டும் பொறுக்காது. தண்டின் நடுவில் மெல்லிய மரத்தண்டு ஓடுவதால், அனுபவமுள்ளவர்கள் நடுமுன் அடிச்சதையை இரண்டு விரல் அளவுக்குச் சீவி, அந்த நடுத்தண்டை வெளியே தெரியவிட்டுக் காயவைப்பார்கள். அழுகக்கூடிய சதை மண்ணுக்குள் போகாது, நடுத்தண்டிலிருந்து வேர் வரும். கொங்கிறீற் தூணின் அடியில் மண்ணை அரை முழத்துக்கு மேடாக்கி நட்டால் வெள்ளம் வடியும்வரை கொடியின் கழுத்து தப்பிக்கும்.

அடியழுகலைத் தாண்டிய கொடிக்கும் ஓர் எதிரி உண்டு. நியோஸ்கைற்றாலிடியம் என்ற பங்கசு 2012இல் தைவானிலும் 2013இல் மலேசியாவிலும் டிராகன் பழத்தண்டில் பதிவானது. பிறகு பல நாடுகளில் தோட்டங்களைத் தாக்கியது. தண்டில் சிறிய குழிந்த புள்ளிகளாகத் தொடங்கி, செம்மஞ்சள் சொறியாகி, நடுவில் கறுப்பு முளைகளோடு சதையை அழுகவைக்கும். மழைத்துளி தெறிக்கும் தூரத்துக்குப் பரவும், கத்தரிக்கும் கத்தியோடு பரவும், எல்லாவற்றுக்கும் மேலாக விற்கப்படும் கொப்போடு ஊர்விட்டு ஊர் போகும். கொப்பு வாங்குபவர் தாய்க்கொடியை ஒருதரம் நேரில் பார்த்து, புள்ளியில்லாத முதிர்ந்த தண்டாகக் கோடையில் வெட்டியதை வாங்குவது நல்லது; புள்ளி கண்டால் விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு துண்டைக் காட்டலாம். வெட்டி எடுத்த நோய்த் தண்டுகளை வாய்க்காலிலோ வேலியோரத்திலோ எறிந்தால், அதில் பச்சையாக மீந்த பகுதி கிடந்த இடத்திலேயே வேர்விட்டு நோயோடு வளரத் தொடங்கும். அவற்றைத் தோட்டத்துக்கு வெளியே தகரத்தின்மேல் பரப்பி, பங்குனி வெயிலில் சருகாகக் காயவைத்து எரித்துவிடுகிறார்கள்.